மிஸ்ஸிங்: காயிலை மாற்றுவதா, கம்ப்ரஷன் பார்ப்பதா?

ஐடிலில் வண்டி உதறுகிறது. மேட்டில் இழுவை இல்லை. டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரைச் செருகினால் பி0303 என்று வருகிறது: மூன்றாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது கலவை சரியாக எரியாமல் போவது, பட்டறைப் பேச்சில் மிஸ்ஸிங். அடுத்து எதில் கை வைக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பணம் மிஞ்சுவதும் கரைவதும். பலர் நேராக ஒரு இக்னிஷன் காயில் (பிளக்கில் பொறி பாய உயர் மின்னழுத்தம் தரும் பாகம்) வாங்கப் போகிறார்கள். பல நேரம் அது பலித்தும் விடும், ஏனென்றால் காயில் அடிக்கடி போகிற பாகம். பலிக்காதபோதுதான் தொல்லை. இன்னொரு காயில், பிறகு பிளக் செட், பிறகு இன்ஜெக்டர் என்று பாகங்கள் மாறிக்கொண்டே போகும். எல்லாம் மாற்றிய பிறகு யாராவது கம்ப்ரஷன் கேஜை (சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று காட்டும் மானி) எடுத்து வைத்தால், எக்ஸாஸ்ட் வால்வு எரிந்துபோனது அப்போது தெரியவரும்.

அந்தக் கோடு (ஸ்கேனர் காட்டும் பிழை எண்) எதைச் சொல்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். பெரும்பாலான கார்களில் இன்ஜின் கம்ப்யூட்டர் மிஸ்ஃபயரைக் கண்டுபிடிப்பது கிராங்க் ஷாஃப்ட்டின் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) வேகத்தை வைத்து. ஒவ்வொரு சிலிண்டரும் எரியும் தருணத்தில் கிராங்க் ஒரு நொடியின் சிறு பங்கு நேரம் வேகம் கூட வேண்டும். மூன்றாவதன் முறை வரும்போது கூடவில்லையென்றால் பி0303. ஏன் கூடவில்லை என்பது அதற்குத் தெரியாது. பொறி இல்லாவிட்டாலும் கூடாது, பெட்ரோல் வராவிட்டாலும் கூடாது, அழுத்தம் தங்காவிட்டாலும் கூடாது. பி0351 முதல் பி0358 வரையான கோடுகள் வேறு வகை. அவை காயிலின் மின்சுற்றையே குறை சொல்பவை. அவற்றில் ஒன்று சேர்ந்து வந்தால் காயில், கப்ளர், வயரிங் என்று தேட நியாயம் இருக்கிறது. அவை வராததால் காயில் நல்லது என்று ஆகிவிடாது. உள்ளே இன்சுலேஷன் விரிசல் விட்டு உயர் மின்னழுத்தம் பக்கவாட்டில் கசிவதைப் பல கம்ப்யூட்டர்கள் கவனிப்பதில்லை.

ஆக, காயிலா கம்ப்ரஷனா என்ற கேள்விக்கு எது அதிகம் கெடும் என்று பார்த்துப் பதில் சொல்வதில் பயனில்லை. எந்தச் சோதனை குறைந்த செலவில் இரண்டையும் பிரித்துக் காட்டும், எது பொய் சொல்லும் என்று பார்க்க வேண்டும். கையில் இருக்கும் சோதனைகளை அந்த அளவுகோலில் வைத்துப் பார்ப்போம்.

எப்போது மிஸ் ஆகிறது?

காசில்லாத முதல் சோதனை இது. அடிக்கடி தவறவிடப்படுவதும் இதுதான்.

பலவீனமான காயில் ஐடிலில் சமாளித்துவிடும். உயர் கியரில் குறைந்த ஆர்பிஎம்மில் ஆக்ஸிலேட்டரை அழுத்தி மேடேறும்போது குத்திக் குத்தி இழுக்கும். காரணம் இயற்பியலில் இருக்கிறது. ஒரு இடைவெளியைத் தாண்டிப் பொறி பாய எவ்வளவு மின்னழுத்தம் வேண்டும் என்பது அந்த இடைவெளியின் அகலத்தையும் அங்குள்ள வாயுவின் அழுத்தத்தையும் பொறுத்தது. இதை ஃபிரீட்ரிக் பாஷன் 1889-லேயே காட்டிவிட்டார். த்ராட்டில் (காற்று உள்ளே வரும் வாயில்) திறந்தால் சிலிண்டருக்குள் அதிகக் காற்று வருகிறது, அழுத்தம் ஏறுகிறது, பொறிக்குக் கூடுதல் மின்னழுத்தம் தேவைப்படுகிறது. ஐடிலில் சுமார் 10 கிலோவோல்ட்டில் நடந்துகொண்டிருந்த வேலைக்கு இப்போது அதைப்போல் இரண்டு மடங்கு கேட்கும். விரிசல் விட்ட காயில் அந்த இடத்தில்தான் தோற்கும்.

கம்ப்ரஷன் போன சிலிண்டர் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. ஐடிலில் மோசமாக உதறும். ரேஸ் செய்தால் ஓரளவு சீராகிவிடும். மெதுவாகச் சுற்றும்போது கசிவுக்கு நேரம் அதிகம், வேகமாகச் சுற்றும்போது அழுத்தம் வெளியேறுவதற்குள் எரிந்து முடிந்துவிடுகிறது. லேசாக எரிந்த வால்வு, கொஞ்சம் தேய்ந்த பிஸ்டன் ரிங் எல்லாம் இந்த வகையில் வரும். முழுக்கப் போன வால்வு எந்த வேகத்திலும் வேலை செய்யாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வெப்பநிலையும் துப்புக் கொடுக்கும். இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு தொடங்கி, ஆறியதும் மறைகிற மிஸ்ஸிங் என்றால் காயில் மீது சந்தேகம் கூடுகிறது. மழையிலோ இன்ஜினைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிய பிறகோ வந்தாலும் அப்படியே. காலையில் முதல் ஸ்டார்ட்டில் சில நொடிகள் மட்டும் உதறி, சைலன்ஸரில் வெள்ளைப் புகை விட்டு, பிறகு சரியாகி, ரேடியேட்டர் தண்ணீரும் மெல்லக் குறைந்துகொண்டே வந்தால் காயில் பக்கம் திரும்பவே வேண்டாம். ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேலுள்ள ஹெட்டுக்கும் இடையிலான அடைப்பு) வழியாகக் கூலன்ட் கசிந்து இரவெல்லாம் சிலிண்டரில் சேர்கிறது என்பதே முதல் சந்தேகம். இந்த நிலையில் கம்ப்ரஷன் கேஜ்கூட நல்ல அளவைக் காட்டி ஏமாற்றலாம். எரிந்த வாயு கூலன்ட்டில் கலக்கிறதா என்று காட்டும் நீலத் திரவச் சோதனை அதற்குப் பொருத்தம். கார்பன் டை ஆக்சைடு பட்டால் திரவம் மஞ்சளாக மாறும்.

பெட்ரோலிலும் சிஎன்ஜியிலும் ஓடுகிற வண்டியில் இன்னொரு வசதி உண்டு. சிஎன்ஜி கலவையைப் பற்றவைக்கப் பெட்ரோலைவிட அதிக மின்னழுத்தம் வேண்டும். கேஸில் மிஸ் ஆகி, பெட்ரோலுக்கு மாற்றியதும் சீரானால் காயிலும் பிளக்கும் முதல் வரிசைக்கு வரும், கேஸ் இன்ஜெக்டர் அதற்கடுத்து. இரண்டிலும் ஒரே மாதிரி உதறினால் கம்ப்ரஷன் பக்கம் சந்தேகம் நகர வேண்டும். கேஸில் ஓடும் இன்ஜின்களில் வால்வும் வால்வு சீட்டும் தேய்ந்து டேப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் இடையே விடும் சிறு இடைவெளி) குறைவது பழகிய கதை.

காதால் கேட்கும் சோதனையும் ஒன்று இருக்கிறது. பல கார்களில் ஆக்ஸிலேட்டரை முழுக்க அழுத்திக்கொண்டு செல்ஃப் அடித்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிடும், இன்ஜின் பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தைக் கவனியுங்கள். எல்லாச் சிலிண்டரும் நன்றாக இருந்தால் செல்ஃப் ஒரே தாளத்தில் முக்கும். ஒன்றில் கம்ப்ரஷன் இல்லையென்றால் அதன் முறை வரும்போது மட்டும் வழுக்கிக்கொண்டு ஓடும், தாளம் தட்டும். லேசான குறை இதில் பிடிபடாது. பெரிய குறை பிடிபட்டுவிடும், அதற்கு ஒரு ஸ்பேனரையும் தொட வேண்டியதில்லை.

காயிலைச் சோதிக்கும் வழிகள், மதிப்பு வாரியாக

ஒவ்வொரு பிளக்கின் மேலும் தனித்தனிக் காயில் உள்ள இன்ஜினில் இடமாற்றுச் சோதனைக்கு இணை இல்லை. மூன்றாவதன் காயிலை முதலாவதிலும், முதலாவதன் காயிலை மூன்றாவதிலும் போட்டு, கோடை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். பி0303 போய் பி0301 வந்தால் காயில் தான் குற்றவாளி. பி0303 அப்படியே நின்றால் காயில் தப்பித்தது. புதுக் காயில் வாங்கிப் போட்டுப் பார்ப்பதைவிட இது மேலானது. காசு செலவில்லை என்பது மட்டும் காரணமில்லை. புதுக் காயில் போட்டதும் குறை போனால், கப்ளரைப் பிடுங்கி மறுபடி செருகியதால் போனதா, காயிலால் போனதா என்று தெரியாது. இடம் மாற்றும்போது குறை இன்னொரு சிலிண்டருக்கு இடம்பெயர்ந்தால் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை.

இதில் இரண்டு நிபந்தனைகள். காயிலை மட்டும் மாற்றுங்கள், பிளக்கைக் கூடவே மாற்றாதீர்கள். இரண்டையும் சேர்த்து மாற்றி, கோடும் இடம்பெயர்ந்தால் இரண்டில் எது என்று மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அடுத்து, குறை எந்த நிலையில் வந்ததோ அதே நிலையில் ஓட்ட வேண்டும். கோடு பதிவானபோது இருந்த ஆர்பிஎம், லோடு (இன்ஜின் மீதான பளு), கூலன்ட் வெப்பநிலை எல்லாம் ஸ்கேனரில் ஃப்ரீஸ் ஃப்ரேம் என்ற பெயரில் கிடைக்கும். 95 டிகிரியில் மேடேறும்போது வந்த மிஸ்ஸிங்கை, நிறுத்திய இடத்தில் இரண்டு நிமிடம் ஐடில் விட்டுப் பார்த்து ‘காயில் சரியாக இருக்கிறது’ என்று சொல்வது சோதனை ஆகாது.

நான்கு சிலிண்டர் இன்ஜினில் இரண்டு சிலிண்டருக்கு ஒரு காயில் என்ற அமைப்பில் 1-4 ஒரு ஜோடி, 2-3 ஒரு ஜோடி. அங்கே காயில் போனால் பெரும்பாலும் ஜோடியே மிஸ் ஆகும். ஒன்று மட்டும் மிஸ் ஆனால் பிளக் வயரையோ பிளக்கையோ பார்க்கலாம். டிஸ்ட்ரிபியூட்டர் வைத்த பழைய இன்ஜினில் ஒரே காயில் எல்லாருக்கும் பொது என்பதால், ஒரு சிலிண்டர் மட்டும் மிஸ் ஆகும்போது காயிலைச் சந்தேகிப்பதில் பொருளே இல்லை.

மல்டிமீட்டரில் ஓம் பார்ப்பது பலருக்கும் பிடித்த சோதனை. என் மதிப்பீட்டில் இது தகுதிக்கு மீறிப் புகழ் பெற்றது. பிரைமரி சுற்று வழக்கமாக 0.4 முதல் 2 ஓம் வரை இருக்கும். மீட்டர் வயர்களே 0.2 ஓம் காட்டும் நிலையில் அந்த அளவை நம்பித் தீர்ப்பு எழுத முடியாது. செகண்டரி பல காயில்களில் 6,000 முதல் 15,000 ஓம். அறுந்த சுருளை இது காட்டிக்கொடுக்கும், உண்மை. ஆனால் காயில் பெரும்பாலும் தோற்பது சூட்டில், ஆயிரக்கணக்கான வோல்ட் ஏறும்போது. ஆறிய காயிலை மீட்டரின் சில வோல்ட்டில் அளந்தால் அந்த விரிசல் எங்கே தெரியும்? தப்பான அளவு வந்தால் காயில் போனது உறுதி. சரியான அளவு வந்தால் எதுவும் உறுதியில்லை. மூன்று, நான்கு பின் வைத்த காயில்களில் உள்ளேயே டிரைவர் சர்க்யூட் இருப்பதால் பிரைமரியை இப்படி அளக்கவே முடியாது.

பிளக்கைக் கழற்றி இன்ஜின் உடம்பில் எர்த் வைத்துப் பொறி பார்ப்பதும் இதே ரகம். வெளியே இருப்பது சாதாரணக் காற்றழுத்தம், உள்ளே அதைப்போல் பல மடங்கு. வெளியே நீலமாகப் பாயும் பொறி உள்ளே பாயாமல் போகலாம். போதாததற்கு, பக்கத்திலேயே திறந்த பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வருகிறது. இடைவெளியை அகலமாக வைக்கக்கூடிய ஸ்பார்க் டெஸ்டர் இதற்குப் பரவாயில்லை. எர்த் இல்லாமல் காயிலைத் தொங்கவிட்டுச் செல்ஃப் அடிக்க மட்டும் கூடாது. பாய வழியில்லாத மின்னழுத்தம் காயிலின் இன்சுலேஷனையே துளைக்கும், நல்ல காயிலும் அன்றோடு போகும்.

ஆஸிலோஸ்கோப் இருந்தால் கதை வேறு. பொறி பாயத் தேவைப்பட்ட மின்னழுத்தம், பொறி எவ்வளவு நேரம் எரிந்தது (நல்ல நிலையில் சுமார் 1 முதல் 2 மில்லி செகண்ட்), கரண்ட் சீராக ஏறியதா எல்லாம் திரையில் அலைவடிவமாகத் தெரியும். இன்னொரு நன்மையும் உண்டு. கம்ப்ரஷன் இல்லாத சிலிண்டரில் பொறி பாய மின்னழுத்தம் குறைவாகவே தேவைப்படும். ஆகவே மற்றவற்றைவிட ஒரு சிலிண்டரின் அலைவடிவம் தாழ்ந்து, எரியும் நேரம் நீண்டு தெரிந்தால், காயிலைப் பார்க்கப் போன இடத்தில் கம்ப்ரஷன் குறையின் வாசனை கிடைக்கும். இடைவெளி குறுகிய பிளக்கும் இதே அலைவடிவத்தைத் தரும் என்பதால் அதை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

கேஜை எடுக்க எப்போது?

காயில் இடம் மாற்றியும் கோடு நகரவில்லை, பிளக்கும் இடம் மாற்றியாயிற்று. இங்கே நின்று, அடுத்த பாகம் வாங்கும் முன் கம்ப்ரஷன் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் என் கட்சி. இன்ஜெக்டரா என்ற கேள்விகூட இதற்குப் பிறகுதான். எப்படியும் பிளக் கழற்றிய கையோடு இருக்கிறோம். கேஜ் எளிய கருவி, ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற வேலை. இன்ஜெக்டரோ பல நேரடிப் பீச்சு இன்ஜின்களில் (பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீச்சுபவை) இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றினால்தான் கைக்கு வரும்.

கேஜ் சுலபம் என்றாலும் அதைத் தவறாக வைப்பது அதைவிடச் சுலபம். இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். கொதிக்கும் அலுமினிய ஹெட்டில் பிளக்கைத் திருகினால் மரை உருவிக்கொண்டு வரும் ஆபத்து உண்டு. கழற்றும் முன் பிளக் குழியைக் காற்றடித்துச் சுத்தம் செய்யாவிட்டால் மண் உள்ளே விழும். எல்லாப் பிளக்கையும் கழற்ற வேண்டும், ஒன்றை மட்டும் கழற்றினால் செல்ஃப் சீராகச் சுற்றாது. காயில் கப்ளர்களையும் இன்ஜெக்டர் கப்ளர்களையும் பிடுங்கி வைக்க வேண்டும். த்ராட்டில் முழுக்கத் திறந்திருக்க வேண்டும்; மூடியிருந்தால் காற்றே உள்ளே போகாமல் எல்லாச் சிலிண்டரும் செத்ததுபோல் காட்டும். பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே எண்ணிக்கையில், ஐந்தாறு முறை முள் குதிக்கும் வரை சுற்ற வேண்டும்.

வரும் அளவை எப்படிப் படிப்பது? நல்ல பெட்ரோல் இன்ஜினில் பொதுவாக 125 முதல் 200 பிஎஸ்ஐக்குள் இருக்கும், ஏறத்தாழ 8.5 முதல் 14 பார். ஆனால் தனி அளவைவிடச் சிலிண்டர்களுக்கிடையே உள்ள வித்தியாசம்தான் பேசும். கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் மேலே போனாலே காற்றழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது, கேஜும் அதற்கேற்பக் குறைத்துக் காட்டும். ஹைபிரிட் கார்களில் வரும் அட்கின்சன் வகை இன்ஜின்கள் இன்டேக் வால்வை வேண்டுமென்றே தாமதமாக மூடுவதால் அவற்றின் நல்ல அளவே தாழ்வாக இருக்கும். எல்லாவற்றிலும் குறைந்தது, எல்லாவற்றிலும் கூடியதில் 75 சதவீதத்துக்குக் கீழே போனால் குறை நிச்சயம். 10-15 சதவீத வித்தியாசத்தைப் பழைய இன்ஜினில் பொறுத்துக்கொள்ளலாம். அதை வைத்து ஹெட்டைத் திறக்கச் சொன்னால் நான் தலையாட்ட மாட்டேன்.

முதல் குதிப்பையும் கவனியுங்கள். கடைசி அளவை மட்டும் குறித்துக்கொள்பவர்கள் பாதிச் செய்தியை விட்டுவிடுகிறார்கள். ரிங் தேய்ந்த சிலிண்டர் முதல் சுற்றில் தாழ்வாகத் தொடங்கிப் படிப்படியாக ஏறிவரும். வால்வு கசிகிற சிலிண்டர் தாழ்வாகத் தொடங்கி, எத்தனை சுற்றினாலும் அங்கேயே தேங்கி நிற்கும்.

இதை உறுதி செய்ய ஈரச் சோதனை. பிளக் துளையில் 5 முதல் 10 மில்லி இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். நான்கு சிலிண்டர்களில் 175, 180, 110, 178 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். ஆயில் விட்டதும் மூன்றாவது 155-க்கு ஏறினால், ஆயில் ரிங்கைச் சுற்றி அடைத்துக்கொண்டது, குறை ரிங்கிலோ சிலிண்டர் சுவரிலோ. 115-லேயே நின்றால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து தாழ்ந்தால் நடுவே கேஸ்கெட் போயிருக்கிறது. எல்லாமே ஒன்றுபோல் தாழ்ந்தால் டைமிங் பெல்ட்டோ செயினோ பல் தாண்டியிருக்கலாம். ஆனால் அதைச் சொல்லும் முன் த்ராட்டிலையும் பேட்டரியையும் இன்னொரு முறை பாருங்கள். சிலிண்டர் படுக்கைவாட்டில் இருக்கும் பாக்ஸர் இன்ஜினில் ஆயில் ஒரு பக்கமே தேங்கிவிடும், ஈரச் சோதனையை அங்கே நம்ப முடியாது.

கேஜா, லீக்டவுனா, செல்ஃப் கரண்டா?

கம்ப்ரஷன் கேஜ் எவ்வளவு குறை என்று சொல்லும். லீக்டவுன் டெஸ்டர் எங்கே குறை என்று சொல்லும். பிஸ்டனைக் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் நிறுத்தி, பிளக் துளை வழியே சுமார் 100 பிஎஸ்ஐ காற்றைக் கொடுத்து, எத்தனை சதவீதம் தங்கவில்லை என்று அளப்பது இது. 10 சதவீதத்துக்குள் இருந்தால் நன்று, 20 வரை ஓடும், 30-ஐத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். சதவீதத்தைவிட முக்கியம் காற்று எங்கே சீறுகிறது என்பது. த்ராட்டில் வாயில் கேட்டால் இன்டேக் வால்வு. சைலன்ஸர் முனையில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அங்கே கேட்டால் ரிங். ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். கம்ப்ரசர் இல்லாமல் இது நடக்காது. உச்சியிலிருந்து கொஞ்சம் விலகினாலும் காற்றே கிராங்கைச் சுற்றிவிடும். கிராங்க் போல்ட்டில் மாட்டிய ஸ்பேனரைக் கழற்றாமல் நின்றால் கை போகும்.

அப்படியானால் நேராக லீக்டவுனே செய்துவிடலாமே என்று தோன்றும். கூடாது, அதற்கும் குருட்டுப் புள்ளி உண்டு. கேம் தேய்ந்து இன்டேக் வால்வு சரியாகத் திறக்காத சிலிண்டரில் லீக்டவுன் அருமையாக வரும், ஏனென்றால் எதுவும் கசியவில்லை. காற்று உள்ளே வராததுதான் குறை. டைமிங் பல் தாண்டிய இன்ஜினிலும் அப்படித்தான். கேஜ் தாழ்வு, லீக்டவுன் நன்று என்று இரண்டும் முரண்பட்டால் அந்த முரண்பாடே வால்வுகளை இயக்கும் பாகங்களையும் டைமிங்கையும் கைகாட்டுகிறது. அதனால் கேஜ் முதலில், லீக்டவுன் பிறகு என்ற வரிசையை மாற்றக் காரணம் இல்லை.

வால்வு ஸ்பிரிங் உடைந்திருந்தால் இரண்டுமே ஏமாறலாம். செல்ஃப் சுற்றும் வேகத்தில் வால்வு ஒழுங்காக மூடும், ஓடும் வேகத்தில் மூடாது. அப்போது அந்தச் சிலிண்டரில் கேஜை வைத்துக்கொண்டு, மற்றவற்றில் இன்ஜினை ஓடவிட்டு அளக்கும் வழி இருக்கிறது. இது அரிதாகவே தேவைப்படும்.

செல்ஃப் கரண்டை கிளாம்ப் வைத்துப் பார்ப்பது மூன்றாம் வழி. காதால் கேட்ட தாளத்தை இங்கே கண்ணால் பார்க்கிறோம். ஒவ்வொரு சிலிண்டரும் அழுத்தும்போது செல்ஃப் மோட்டார் இழுக்கும் கரண்ட் ஒரு மேடாக எழும், பலவீனமானதன் மேடு குட்டையாக இருக்கும். ஒரு பிளக்கும் கழற்றாமல் சில நொடிகளில் முடிந்துவிடும் சோதனை. பல வி6 இன்ஜின்களில் பின்வரிசைக் காயில்கள் மேனிஃபோல்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். அங்கே காயில் இடம் மாற்றுவதே பாதி நாள் வேலை என்பதால் முதலில் செய்ய வேண்டியது இந்தச் சோதனைதான். எல்லாச் சிலிண்டரும் ஒன்றுபோல் தேய்ந்திருந்தால் மட்டும் இது எதையும் சொல்லாது. மேடுகள் சமமாக, அழகாக வரும்.

ஒன்று இன்னொன்றாக வேடமிடும்போது

மேலே சொன்ன வரிசையைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றினாலும் சிக்கவைக்கிற இடம் இது.

காயில் செத்த நிலையில் வண்டியைப் பல நாள் ஓட்டினால், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிவிடும். ரிங்குக்கும் சுவருக்கும் இடையே அடைப்பதில் அந்தப் படலத்துக்கும் பங்கு உண்டு. இப்போது கேஜ் வைத்தால் அந்தச் சிலிண்டர் தாழ்வாகக் காட்டும், ஈரச் சோதனையில் ஏறும். பாடப்புத்தகப்படி ரிங் போனது. உண்மையில் போனது காயில். பிளக் பெட்ரோலில் நனைந்து வந்தால், காயிலைச் சரிசெய்து, கொஞ்சம் ஓட்டி, ஆயிலும் மாற்றிவிட்டு மறுபடி அளக்காமல் ரிங் வேலைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மறுபக்கமும் உண்டு. ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்து ஆயில் ஏறுகிற சிலிண்டரில் பிளக் முனை கரியும் ஆயிலுமாகிப் பொறி பாயாமல் போகும். புதுப் பிளக்கும் காயிலும் போட்டால் வண்டி பிரமாதமாக ஓடும், சில வாரங்களுக்கு. மறுபடி அதே சிலிண்டர், அதே கோடு. ஒரே சிலிண்டரில் காயிலும் பிளக்கும் இரண்டாம் முறை போனால் பாகத்தின் தரத்தைத் திட்டுவதற்கு முன் கம்ப்ரஷன் பாருங்கள்.

பிளக் குழியில் ஆயில் தேங்கியிருப்பது இன்னொரு குழப்பம். அதைப் பார்த்ததும் ‘இன்ஜின் போச்சு’ என்று பயமுறுத்துபவர்கள் உண்டு. குழியில் இருக்கும் ஆயில் வால்வு கவர் கேஸ்கெட் வழியாக மேலிருந்து இறங்கியது. சிலிண்டருக்குள் நடப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அது காயிலின் ரப்பர் உறையை ஊறவைத்துக் கெடுக்கும். கேஸ்கெட்டை மாற்றாமல் காயிலை மட்டும் மாற்றினால் புதுசும் அதே வழியில் போகும். இடைவெளி அகன்ற பழைய பிளக்கும் இப்படித்தான், காயிலை ஒவ்வொரு முறையும் கூடுதலாக உழைக்கவைத்துக் கொல்லும். ஆகவே ஒரு காயில் போனால் பிளக்குகளை செட்டாக மாற்றுவதை ஆதரிப்பேன். காயில்களை செட்டாக மாற்றுவதை ஆதரிக்க மாட்டேன், அவை கை நுழையாத இடத்தில் இருக்கும் இன்ஜின்களைத் தவிர.

தீர்மானிக்கும்போது

காயிலில் தவறினால் இழப்பு ஒரு காயில். அதைக்கூடப் பிறகு உதவும் என்று டிக்கியில் போட்டு வைத்துக்கொள்ளலாம். கம்ப்ரஷனில் தவறி ஹெட்டைக் கழற்றினால் கேஸ்கெட் போச்சு, ஒருமுறை மட்டுமே முறுக்கக்கூடிய ஹெட் போல்ட்டுகள் போச்சு, கூலன்ட், ஆயில், டைமிங் வேலை எல்லாம் சேர்ந்து வரும். ஆகவே காயில் பக்கம் துணிச்சலாகவும் கம்ப்ரஷன் பக்கம் கஞ்சத்தனமாகவும் இருப்பது தப்பில்லை. லோடில் மட்டும் மிஸ், தாளம் சீர் என்றால் காயிலை இடம் மாற்றுங்கள், கேஜைத் தேட வேண்டாம். ஐடிலில் மட்டும் மிஸ், தாளம் தட்டுகிறது என்றால் காயிலைத் தொடாமலே கேஜை எடுக்கலாம்.

கேஜ் வால்வைக் கைகாட்டினாலும் உடனே ஹெட் இல்லை. டேப்பெட் இடைவெளியைக் கையால் சரிசெய்யும் இன்ஜினாக இருந்தால் முதலில் அதை அளந்து பார்க்க வேண்டும். இடைவெளி இறுகினால் வால்வு முழுதாக மூடாது, சரிசெய்ததும் கம்ப்ரஷன் திரும்பி வருவதுண்டு. ஆனால் அப்படியே நீண்ட நாள் ஓடியிருந்தால் வால்வு முகம் எரிந்திருக்கும், அதற்கு ஹெட் இறங்கியே ஆக வேண்டும். பட்டறையில் ‘கம்ப்ரஷன் இல்லை, ஓவர்ஹால் பண்ணணும்’ என்று சொன்னால், எல்லாச் சிலிண்டர்களின் அளவையும், ஈரச் சோதனை அளவையும், காற்று எங்கே சீறியது என்பதையும் எழுதிக் கேளுங்கள். வேலை தெரிந்தவர் தயங்காமல் எழுதிக் கொடுப்பார்.

டீசல் வண்டிக்காரர்களுக்கு இந்தக் குழப்பத்தில் பாதி இல்லை, காயிலே கிடையாது. ஆனால் டீசலின் கம்ப்ரஷன் 25 முதல் 35 பார் வரை போகும், பெட்ரோல் கேஜை அதில் மாட்டினால் கேஜ் உடையும்.

சோதனைக்கு நாள் தள்ளிப்போகும்போது வண்டியை எடுக்கலாமா என்பதை இன்ஜின் விளக்கே சொல்லும். நிலையாக எரிந்தால் மெதுவாகப் பட்டறை வரை போகலாம். விட்டுவிட்டு மின்னினால், எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்து அதை உருக்கும் அளவுக்கு மிஸ்ஸிங் இருக்கிறது என்று பொருள், நிறுத்திவிடுவதே நல்லது. வேறு வழியே இல்லாமல் கொஞ்ச தூரம் போக வேண்டுமானால், இன்டேக் மேனிஃபோல்டில் இன்ஜெக்டர் வைத்த இன்ஜின்களில் அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டர் கப்ளரைப் பிடுங்கிவிட்டுப் போகலாம். காயில் கப்ளரைப் பிடுங்குவது இதற்கு மாற்று ஆகாது, அப்போதும் பெட்ரோல் விழுந்துகொண்டுதான் இருக்கும். நேரடிப் பீச்சு இன்ஜெக்டர்களின் கப்ளரில் வோல்டேஜ் அதிகம் என்பதால் அவற்றில் கை வைக்காமல் வண்டியைக் கட்டி இழுத்துப் போவதே சரி.